சுரண்டாமல் விட்ட நிறம்

காரைக்குடியில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் பட்டறைகளில் ஒரு முக்காலி வந்து இறங்கினால் அதற்கு என்ன நடக்கும் என்பது முன்பே முடிவான காரியம். பின்கட்டில் காஸ்டிக் சோடா கரைத்த தொட்டி இருக்கும். சாயங்காலம் அதில் முக்கி வைத்தால் விடிவதற்குள் பெயிண்ட் கூழாகிக் கழன்றுவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, காயவைத்து, உப்புத்தாள் பிடித்து, அரக்கு பாலிஷ் ஏற்றிவிட்டால் அது 'செட்டிநாட்டுப் பர்மா தேக்கு'. உண்மையில் அது மாமரமாகவோ வேம்பாகவோ இருக்கலாம். பாலிஷ் ஏறிய பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

நான் தொழில் கற்றது அந்தத் தொட்டியருகில்தான். இன்று செய்வது அதற்கு நேரெதிரான வேலை. கையால் செய்த பழைய முக்காலி, ஸ்டூல், மணை ஆகியவற்றில் முதன்முதலில் பூசிய நிறம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். இருந்தால் உதிராமல் காப்பாற்றித் தருவேன். இப்படி ஒரு பிழைப்பு உண்டென்று ஊரில் பலர் நம்புவதில்லை. "அண்ணே, பெயிண்ட்டை எடுக்கக் காசு கேட்டா நியாயம். எடுக்காம விடுறதுக்கும் காசா?" என்று பட்டறைப் பையன் ஒருவன் கேட்டான். கேட்டதில் தப்பில்லை.

முக்காலிக்கு ஏன் பெயிண்ட் அடித்தார்கள் என்பதைப் பார்த்தால் அவனுக்குப் பதில் கிடைக்கும். நிலைக்கும் கதவுக்கும் தூணுக்கும் நல்ல மரம் போய்விடும். வீட்டு வேலை முடிந்ததும் மிஞ்சிய துண்டுகளை வைத்து ஆசாரி ஒரு முக்காலி அடித்துக் கொடுப்பார். மேல்பலகை ஒரு மரம், கால் இன்னொரு மரம், குறுக்குச் சட்டம் கைக்குக் கிடைத்தது. மூன்றும் மூன்று நிறமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மரம் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தே செய்தார். மேலே காவியோ பச்சையோ பூசியதும்தான் அது ஒரே பொருளாகக் கூடியது. அதைச் சுரண்டி மரத்தைக் காட்டுவது செய்தவர் மறைக்க நினைத்ததை நாம் அம்பலப்படுத்துவதுதான்.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செய்த வின்ட்சர் நாற்காலிகளும் ஸ்டூல்களும் இதே கணக்குத்தான். உட்காரும் பலகைக்குக் குடைய எளிதான மென்மரம், கடைந்த காலுக்கு மேப்பிள், வளையும் குச்சிகளுக்கு ஹிக்கரி அல்லது ஓக். மூன்றையும் சேர்த்து ஒரே பச்சையில் மூடினார்கள். பிற்காலத்தில் மரத்தின் ரேகைதான் அழகு என்று ஒரு மோகம் வந்து ஏராளமானவற்றைச் சுரண்டித் தள்ளினார்கள். இப்போது அங்கே பழைய பச்சை அப்படியே இருப்பதற்குத்தான் மதிப்பு. சுரண்டிப் பளபளவென்று வைத்திருப்பதைச் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நாட்டுப் பழைய பெயிண்ட் எல்லாமே பாலைத் திரித்து, சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்த 'மில்க் பெயிண்ட்' என்று நம்மிடம் வாங்க வரும் வெள்ளைக்காரர்களே சொல்வார்கள். அப்படியும் உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்கிறபோது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் அரைத்த பெயிண்டாகவே இருக்கிறது. கதை பாலில்தான் இனிக்கிறது போல.

நம் ஊரில் சிக்கல் வேறு. ஒரு பொருளை முதலில் பூசிய நிறத்தோடு விட்டு வைக்கும் பழக்கமே நமக்குக் கிடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மிஞ்சிய பெயிண்ட் முக்காலிக்குப் போகும். கல்யாணத்துக்கு ஜன்னலுக்கு அடித்த நீலம் ஸ்டூலுக்கும் உண்டு. ஆகவே கண்ணெதிரே உழைத்த முக்காலியில் முதல் பூச்சு மேலே தெரிவது அபூர்வம். தெரிகிறது என்றால் அது புழங்காத இடத்தில் கிடந்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான குடும்பங்களுக்கு, பொது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு பூட்டு. சிங்கப்பூரிலோ சென்னையிலோ குடியேறியவர்களின் அறை இரண்டு தலைமுறையாகத் திறக்கப்படாமல் கிடக்கும். பாகம் பிரிக்கிறபோது பூட்டை உடைத்தால், சீர் சாமானாக வந்த பாத்திர அடுக்குகளுக்கு அடியில் முக்காலி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல சரக்கெல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். வளவில் நடமாடும் ஆச்சியிடம் "இதுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டால், "அதை யாரப்பா சீந்தினா, அடிக்கிறதுக்கு?" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

மற்றவற்றில் அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒரு சின்னக் குழி வெட்ட வேண்டும். பலகையின் அடி விளிம்பு, கால் உள்பக்கம் போன்ற கண்ணில் படாத இடமாக எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கத்தியால் மிளகளவு பெயிண்டைச் சரிவாகச் சீவி, மிக நைசான உப்புத்தாளை ஈரத்தோடு வைத்து மெதுவாகத் தேய்ப்பேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வளையம் வளையமாக ஒவ்வொரு பூச்சும் வெளியே வரும். மேலே சிந்தெடிக் எனாமல் சாம்பல், அதன் அடியில் ஆலிவ் பச்சை, அதன் அடியில் மெல்லிய அழுக்குக் கோடு, அப்புறம் காவி, பிறகு மரம். அழுக்குக் கோடுதான் முக்கியம். இரண்டு பூச்சுக்கு நடுவே அழுக்கு இருந்தால் இடையில் பல காலம் ஓடியிருக்கிறது. அழுக்கில்லாமல் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே கையால் ஒரே வாரத்தில் பூசிய அடிப்பூச்சும் மேல்பூச்சும்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்வதில் கொஞ்சம் ரசாயனம் தெரிந்தாக வேண்டும். டப்பாவில் அடைத்த ரெடிமேட் பெயிண்ட் நம்மிடம் புழக்கத்துக்கு வந்தது பிந்தித்தான். ஷாலிமார் பெயின்ட்ஸ் ஹௌராவில் தொழிற்சாலை வைத்தது 1902இல். ஏசியன் பெயின்ட்ஸ் பம்பாயில் தொடங்கியது 1942இல். அதற்கு முன்பு பெயிண்டர் தூளை வாங்கி எண்ணெயில் அவரே அரைப்பார். கையால் அரைத்த தூள் ஒரே சீராக இருக்காது. கண்ணாடியில் பார்த்தால் பெரிய மணியும் சின்ன மணியும் கலந்து தெரியும். நீலத்தில் பிரஷ்யன் நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் ஏதோ செய்யப் போய் ஏதோ ஆகிக் கிடைத்தது. செயற்கை அல்ட்ராமரீன் 1820களில் வந்தது. இன்று எல்லாவற்றிலும் கலந்திருக்கும் தாலோசயனைன் நீலம் 1930களுக்கு முன் கிடையாது. வெள்ளையில் டைட்டானியம் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முன் ஈய வெள்ளை, துத்தநாக வெள்ளை. ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், டைட்டானியம் மந்தமாகக் கறுத்து நிற்கும், அரக்கு ஆரஞ்சாகத் தெரியும். இருநூறு வருஷத்து முக்காலி என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்ததில் கடைசி அடிப்பூச்சே டைட்டானியம் வெள்ளையாக இருந்தால், நான் விலை கேட்காமல் காபி மட்டும் வாங்கித் தந்து அனுப்பிவிடுவேன்.

சில சமயம் இத்தனை ரசாயனமும் வேண்டியதில்லை, எழுத்தே காலம் சொல்லிவிடும். பச்சை ஸ்டூலின் அடிப்பலகையில் வெள்ளை அச்சில் 'எஸ்.ஐ.ஆர்.' என்று இருந்தால் அது சவுத் இந்தியன் ரயில்வேயின் சொத்து. அந்த ரயில்வே 1951 ஏப்ரலில் சதர்ன் ரயில்வேக்குள் கரைந்துவிட்டது. எழுத்து அந்தப் பச்சையின்மேல் இருக்கிறது என்றால் பச்சை அதற்கும் முந்தையது. இதைத் தெரிந்துகொண்டு இப்போது அச்சு வெட்டி எழுத்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் எழுத்தைப் பார்த்து உடனே சந்தோஷப்படுவதில்லை. எழுத்துக்குக் குறுக்கே கீறல் ஓடுகிறதா, கீறலுக்குக் குறுக்கே எழுத்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

போலியைப் பிடிப்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி. ஜோத்பூர்ப் பக்கம் புது மரத்தில் பழசு செய்வது பெரிய ஏற்றுமதித் தொழில். புதுசு என்று சொல்லி விற்கிறவரை அதில் தப்பொன்றும் இல்லை. கைமாறிக் கைமாறித் தெற்கே வரும்போதுதான் அதற்கு வயது கூடுகிறது. அவர்கள் நாலு நிறம் பூசி, விளிம்புகளில் தேய்த்து, இரும்புச் சங்கிலியால் அடித்து, தேயிலைத் தண்ணீரோ மெழுகோ தடவுவார்கள். தேய்மானம் எல்லா விளிம்பிலும் ஒரே அளவில் இருக்கும். மனுஷர் உட்கார்ந்து அப்படித் தேயாது. ஸ்டூலைத் தூக்கும் கை எப்போதும் ஒரே இடத்தில்தான் படும். குறுக்குச் சட்டத்தில் கால் வைப்பது முன்பக்கச் சட்டத்தில்தான், அதிலும் நடுவில். பின்பக்கச் சட்டத்தில் பெயிண்ட் புதுசாட்டம் இருக்க வேண்டும். நான்கு சட்டமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அதில் உட்கார்ந்தவருக்கு நான்கு ஜோடிக் கால்.

வெடிப்பைப் பார்த்தும் சொல்லலாம். மரம் காய்ந்து வெடிக்க வருஷங்கள் ஆகும். வெடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெறும் மரம் தெரிய வேண்டும், பெயிண்ட் வெடிப்பின் உதட்டோடு உடைந்து நிற்க வேண்டும். உள்ளேயும் பெயிண்ட் இறங்கியிருந்தால், வெடித்த பிறகுதான் அந்தப் பூச்சு வந்திருக்கிறது. உளு விழுந்த ஓட்டைக்கும் இதே விதி. பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பூச்சி நல்ல சாட்சி; ஓட்டைக்குள் பெயிண்ட் ஒழுகியிருந்தால் பெயிண்டர் பிந்தி வந்தவர்.

வட்டப் பலகைக்கு இன்னொரு சோதனை உண்டு. இதைச் சொன்னால் வியாபாரிகளே டேப்பை எடுத்து ஓடுகிறார்கள். மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அகலவாக்கில்தான் சுருங்கும். ஆகவே வட்டமாக வெட்டிய பலகை காலப்போக்கில் முட்டை வடிவமாகும். ஒரு அடிப் பலகையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். கடைசல் காலும் அப்படியே. காலிப்பரை வைத்துச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். கன கச்சிதமான வட்டமாக இருந்தால் அது நேற்றுக் கடைந்தது.

அடிப்பக்கத்தைத் திருப்பினால் கழுந்தும் துளையும் ஒன்றோடொன்று பேசுவது தெரியும். கையால் வெட்டிய கழுந்து துளையைவிடத் துளி பெரியதாக, இழைப்புளியின் அலையோடு இருக்கும். வட்ட ரம்பத்தின் வில் கோடுகள் தெரிந்தால் அந்த மரம் மில்லிலிருந்து வந்தது. பழைய ஆணி சதுரம், கொல்லன் அடித்தது. உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெருகியது. இதெல்லாம் பல புத்தகங்களில் இருக்கிறது, நீட்டவில்லை.

பெயிண்ட் என்று நினைத்து அரக்கை அழிக்கும் பட்டறைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குஜராத்தின் சங்கேடா ஊரில் செய்யும் கடைசல் ஸ்டூல்களும் தாழ்ந்த ஆசனங்களும் நம் பக்கத்து வீடுகளிலும் இருக்கின்றன. தேக்கைக் கடைந்து, வெள்ளீயத்தைப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூவும் கொடியும் வரைந்து, அகேட் கல்லால் தேய்த்து மின்னவைப்பார்கள். பிறகு கடைசல் பட்டறையில் சுழலவிட்டு அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி போலாகும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் பளபளப்புக்குத் தாழை மடல்தான். சங்கேடாவில் அடியிலிருக்கும் வெள்ளீயம் செம்மஞ்சள் அரக்கின் வழியே பார்க்கும்போது பொன்னாகத் தெரியும். தங்கம் ஒரு பொட்டுக்கூட அதில் இல்லை. இந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அழுக்கு எடுக்கிறேன் என்று பாலிஷ்காரர் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பொன் போய்த் தகரம் இளிக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அழுக்குக்கு நான் முதலில் எடுப்பது என் எச்சில்தான். பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு, ஒரு ரூபாய் அகலத்துக்கு உருட்டுவேன். சிரிக்க வேண்டாம், மியூசியங்களில் ஓவியம் சுத்தம் செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்சைம் அழுக்கைப் பிரிக்கிறது என்று ஆராய்ந்து எழுதிய போர்ச்சுகல்காரர்களுக்கு 2018இல் 'இக் நோபல்' என்ற கிண்டல் பரிசு கொடுத்தார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பெயிண்டில் தொட்ட குச்சி திரும்ப நாக்குக்கு வரவே கூடாது. ஒவ்வொரு தொடுதலுக்கும் புதுக் குச்சி.

செதிலாக எழும்பி நிற்கும் பெயிண்டை ஒட்டவைக்க, பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் மிகத் தண்ணியாகக் கரைத்து, செதிலுக்கு அடியில் ஊசியால் விடுவேன். ஆனால் அசிட்டோன் அரக்கையும் சில பெயிண்டையும் இளக்கும் என்பதால் ஓரத்தில் சோதித்த பிறகே. ஆட்டம் கண்ட காலுக்கு வெள்ளைப் பசை விடமாட்டேன், பழைய வஜ்ரப் பசை காய்ச்சித்தான். வஜ்ரம் பின்னால் வெந்நீருக்கு இளகிக் கொடுக்கும், அடுத்த ஆசாரி என்னைத் திட்டாமல் பிரித்துக்கொள்ளலாம். காஸ்டிக் தொட்டியில் போனால் அந்த வஜ்ரம்தான் முதலில் கரைகிறது. தொட்டிக்குப் போன முக்காலி ஆடுவது அதனால்தான்.

எல்லாப் பழைய பூச்சையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாடுவதாக ஒரு பேச்சு உண்டு. கும்பகோணத்தில் ஒரு வீட்டில் கல்யாண மணைகளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காவி விளிம்பு, நடுவில் வெள்ளைக் கோலம், ஓரத்தில் மஞ்சள் பொட்டு. அடியில் இன்னொரு கோலத்தின் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. வீட்டு மாமி நான் வாய் திறக்கும் முன்பே, "பழசைத் தொடப்படாதுன்னு சொல்வேளாம். இதுல பேத்தி உக்காரப் போறா, புதுசா கோலம் எழுதாம மணை வைக்க முடியாது, கேட்டேளா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்த மணையின் வழக்கமே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மேலே எழுதுவது. அதை நிறுத்திக் கண்ணாடிக்குள் வைத்தால்தான் அது கெட்டுப்போகும். "அடியில இருக்கிறதைச் சுரண்டாம மேலேயே எழுதச் சொல்லுங்கோ மாமி" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். கட்டணம் வாங்கவில்லை, சாப்பாடு போட்டார்கள்.

விலையைப் பற்றி ஒரு வேடிக்கை. 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகமான பொருளுக்கு, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். ஆகவே கடை வாசலில் நின்று "நூத்தம்பது வருஷம் சார்" என்று விற்கும் அதே ஸ்டூலுக்கு, உள்ளே போய் "சமீபத்திய கைவினைப்பொருள்" என்று காகிதம் எழுதுவார்கள். இரண்டில் ஒன்று பொய். எந்த ஒன்று என்று வாங்குபவர் கேட்பதில்லை. என்னிடம் கேட்டால், வாய்ப்பேச்சைவிடக் காகிதம்தான் பெரும்பாலும் உண்மை என்பேன்.

கடைசியாக ஈயம். இதைச் சொல்லாமல் ஒரு பொருளையும் நான் விற்பதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி வந்தது 2016இல், அமலானது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். மஞ்சளில் லெட் குரோமேட், அந்த மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்த குரோம் பச்சை, சிவப்பில் செந்தூரம், வெள்ளையில் ஈய வெள்ளை. நான் போற்றிக் காப்பாற்றும் நிறங்கள் இவையேதான். பிடிப்பு விடாத பெயிண்ட் மரத்தோடு இருக்கிறவரை பெரிய ஆபத்தில்லை. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியாக்கினால்தான் அது மூச்சிலும் சோற்றிலும் சேர்கிறது. "விஷம்னு சொல்றீங்க, அப்ப சுரண்டிப் போட்டுறலாமே" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் விளக்குவேன். தவழும் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பச்சை மஞ்சள் ஸ்டூலை நான் கொடுப்பதில்லை. கண்டதையும் கடிக்கும் வயசு அது. பெயிண்டே காணாத பலா முக்காலி ஒன்றிரண்டு எப்போதும் வைத்திருக்கிறேன், அதைக் காட்டுவேன். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வாருங்கள், எடுத்து வைக்கிறேன் என்பேன். அப்படி எடுத்து வைத்ததில் சில இன்னும் பரணில் இருக்கின்றன. முன்பணம் வாங்காதது என் தப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள்.